பித்தளை மூக்குக்கு ஆடி மாச வேலை

— மெதுவாத் தூக்குடா அர்ச்சுனா! அது பானெட்டு, உன் வூட்டுக் கோழிக்கூண்டு இல்ல.

— மச்சான், பதினோரு வருசமா இந்த வண்டியப் பிரிச்சுக் கோக்கறவன் நானு. எனக்கே பாடமா? தள்ளி நில்லு. இந்தப் பட்டறைக்குள்ள வர்ற வெளிச்சமே இவ்ளோதான், அதையும் மறைச்சுக்கிட்டு...

— சரி சரி, தள்ளிட்டேன். எப்படி இருக்குது?

— இருக்கறதுக்கு என்னா? ராணியாட்டம் இருக்குது. இந்த ரேடியேட்டரோட பித்தள மூக்குல என் மொகம் தெரியுது பாரு! புளி போட்டுத் தேச்சியா?

— புளியும் சாம்பலும். தேச்சது நானில்ல, வூட்ல காவேரி. நேத்துக் காலையில பூரா அதான் வேல.

— அதானே பாத்தேன். தங்கச்சி கை பட்டாத்தான் இப்படி. நீ தேச்சிருந்தா பாதி மூக்குதான் பளபளன்னு இருந்திருக்கும், மீதி பாதி அழுக்கா நின்னிருக்கும்.

— ...ஏன்டா அப்படிச் சொல்ற?

— சோம்பேறின்னு சொன்னேன் மச்சான். அதுக்கு ஏன் மொகம் இப்படி மாறுது?

— மாறல, மாறல. வேலையப் பாரு. இன்னிக்கு ஆடி ஒண்ணு. ஆவணி மொத முகூர்த்தம், கல்யாண வாடகை கம்பைநல்லூர்ல. அதுக்குள்ள வண்டி நிமுந்து நிக்கணும்.

— ஆடியில ஊர்ல எவன் தாலி கட்றான்? முப்பது நாளு முழுசாக் கெடக்குது. நாளைக்கே பொண்ணு ஏறி உக்காரப் போற மாதிரி பறக்கறியே. ஒவ்வொண்ணாச் சொல்லு. மொதல்ல என்னா?

— மொதல்ல சக்கரம். சித்திர வெயில்ல ஆரக்கால் மரமெல்லாம் சுருங்கிப் போச்சு. திரும்பறப்ப கிரீச் கிரீச்னு கத்துது. நாலையும் கழட்டி தொட்டித் தண்ணியில ஊறப் போடு.

— அது வருசா வருசம் பண்றதுதான். அஞ்சு நாள் ஊறினா மரம் உப்பிப் புடிச்சுக்கும். இந்த முப்பத்தெட்டாம் வருசத்து வண்டிங்களைப் பாரு, எல்லாம் இரும்புச் சக்கரம். அதுல என்னா அழகு இருக்குது? இது... ஒரு சக்கரத்தச் சுத்தி வுட்டுப் பாத்துக்கிட்டே இருக்கலாம். பன்னெண்டு ஆரக்கால், ஒண்ணுகூட மாத்தல. எவன் செஞ்சானோ, அவன் கையில கண்ணு இருந்திருக்குது.

— ஏற்காட்டுத் துரை இதை என் கையில குடுத்துட்டுக் கப்பலேறப் போவறப்ப, தொப்பியக் கழட்டி...

— ...கும்புட்டாரு. உனக்கில்ல, வண்டிக்கு. இந்தக் கதையச் சொல்லாம உனக்கு ஒரு ஆடியும் பொறக்காது.

— நடந்ததச் சொன்னா கிண்டல் பண்றியா?

— கிண்டல் இல்ல மச்சான். நானா இருந்தா வுழுந்தே கும்புட்டிருப்பேன். போன தையில வத்தல்மலைக்காரங்க எறங்கி வந்தாங்களே, ஞாபகம் இருக்குதா? மாப்பிள்ள, பொண்ணு ரெண்டு பேரும் உள்ள உக்காந்திருக்காங்க. ஒருத்தரும் பொண்ணைப் பாக்கல. குனிஞ்சு குனிஞ்சு மூக்கத்தான் பாத்தாங்க. பொண்ணோட அம்மாவுக்குக் கோவமே வந்துடுச்சு!

— ஹ... ஆமா. அந்தம்மா வண்டிக்கும் சேத்துத்தான் கடைசியில திருஷ்டி சுத்திப் போட்டுச்சு.

— சரி, சக்கரம் ஆச்சு. அடுத்தது?

— மேல் கூரைத் துணி கிழிஞ்சிருக்குது. புது கேன்வாஸ் போடணும். மாரண்டஹள்ளியில ரோசம்மா தைக்கறேன்னு சொல்லியிருக்கா. அப்பறம் ஸ்டேரிங்கு. அதுல மஞ்சக் கறை. தொடைச்சாலும் போவல.

— மஞ்சளா? கல்யாணப் பொண்ணு பின்னாடிதான உக்காருது?

— அதான் எனக்கும் புரியல. மாலைய வாங்கி வெக்கறப்ப பட்டிருக்கும். வுடு. இங்க வா... இந்த எடது மட்கார்டப் பாரு.

— எது?

— இது. விரலை வெச்சுப் பாரு. கீறல். ஒரு சாண் நீளம்.

— ஓ... இதா. மாட்டுக் கொம்பு உரசியிருக்கும் மச்சான். பெயிண்டு வெச்சா தெரியாது.

— மாட்டுக் கொம்புதானா? நல்லாப் பாத்துச் சொல்லு.

— அட, கொம்புதான். இல்லேன்னா மரம். ஏதோ ஒண்ணு. வுடு மச்சான், அடுத்த வேலையச் சொல்லு.

— ...சரி. மாடா இருந்தா சரி.

— என்னா முணுமுணுக்கற?

— ஒண்ணுமில்ல. அடுத்தது சீட்டு. டிரைவர் சீட்டை நாலு விரக்கடை தூக்கணும். அப்படியே ஒரு சாண் முன்னாடி தள்ளணும்.

— எதுக்கு? நீயே தென்ன மரமாட்டம் இருக்கற. சீட்டைத் தூக்கினா கூரையில இல்ல போய் முட்டுவ.

— எனக்கில்லடா. வந்து... புதுசா ஒரு டிரைவர் வெக்கலாம்னு இருக்கேன்.

— டிரைவரா! நீயா? இந்த வண்டியில கை வெக்க எமனுக்கே அனுமதி இல்லேன்னு சொன்னவனாச்சே!

— வயசாவுது இல்ல...

— நாப்பத்தாறு ஒரு வயசா? சரி, ஆளு யாரு?

— அரூர்ப் பக்கம். செல்லன்னு பேரு. உனக்குத் தெரியாது.

— குட்டையான ஆளோ?

— ம்... கொஞ்சம் குட்டை. அதனால பெடலுக்கும் கட்டை வெக்கணும். கிளச்சு, பிரேக்கு, ரெண்டுக்கும். புளிய மரத்துல இழைச்சுத் தோல் ஒட்டிக் குடு. கால் வழுக்கக் கூடாது.

— வெச்சுடலாம். அப்பறம்?

— ஆரன் பந்து கல்லாட்டம் இருக்குது. அமுக்கறதுக்குள்ள என் கையே நோவுது. மெத்துன்னு ரப்பர் பந்து ஒண்ணு பாரு. சின்னக் கையிக்கும் அமுங்கணும்.

— செல்லனுக்குக் கையும் சின்னதா?

— ...ஆமா.

— ம்... சொல்லு சொல்லு.

— பெடலுக்குப் பக்கத்துல, அந்தக் கம்பி ஓடுது பாரு, அங்க தகரத்துல ஒரு மறைப்பு அடி. துணி சிக்காம இருக்கணும்.

— எந்தத் துணி? வேட்டியா?

— துணின்னா துணிதான்டா!

— செல்லன் கொலுசு போடுவானா மச்சான்? போட்டா சொல்லு, மறைப்ப இன்னும் கொஞ்சம் கீழ எறக்கி அடிக்கறேன்.

— அந்த ஸ்பேனரை இப்படிக் குடு.

— யாருக்கு மச்சான் இந்த வேலையெல்லாம்?

— உனக்குத் தெரிஞ்சு போச்சு. அப்பறம் என்னா கேள்வி?

— உன் வாயால சொல்லு. எனக்கு அது வேணும்.

— காவேரிக்கு.

— காவேரிக்கு...

— சிரிக்காத! சிரிச்சீனா இந்த ஸ்பேனரை எடுத்து...

— சிரிக்கல மச்சான். சத்தியமாச் சிரிக்கல. உக்காரு. அந்தப் பெட்டி மேல உக்காரு... இந்தப் பக்கம், பாத்து. அங்க ஜாக்கி கெடக்குது.

— ...தெரியல. நீ சொன்னாத்தான் தெரியுது.

— என்னா தெரியல?

— ஓரம்டா. நேரா நிக்கற உன்னத் தெரியுது. உன் பக்கத்துல என்னா இருக்குதுன்னு தெரியல. குழாய் வழியா பாக்கற மாதிரி... நடுவுல மட்டும் ஒரு வட்டம். போன வருசம் வட்டம் பெருசா இருந்துச்சு. இப்ப சுருங்கிப் போச்சு. டயர் வாங்கப் போறேன், டயர் வாங்கப் போறேன்னு நாலு தடவ பொம்மிடியில ரயிலேறி சேலம் போனேனே...

— ஒரு தடவகூட டயர் வரல.

— கண்ணு டாக்டரைப் பாத்தேன். மருந்து போட்டா இருக்கறது நிக்குமாம். போனது வராதாம்.

— மச்சான்...

— பரிதாபப்படாத. எனக்கு அது ஆவாது. கேளு. ஆனியில தொப்பூர்க் கணவாயில எறங்கறேன். பின்னாடி பொண்ணு மாப்பிள்ள. என் பக்கத்துல காவேரி. பொண்ணுக்குத் தொணையா ஒரு சுமங்கலி போவணும்னு எப்பவும் அவதான வருவா. அன்னிக்கு ஓயாம பேசிக்கிட்டே வந்தா. ‘அங்க பாருங்க, எடது பக்கம் என்னா அழகான வண்டி மாடு.’ ‘வலது பக்கம் ஒரு கிழவி நெல்லிக்கா கூடையோட நிக்கறா.’ ‘அந்த வளைவுல கல்லு எவ்ளோ பெருசா உருண்டு கெடக்குது.’ இப்படியே பதினஞ்சு மைலு. வூட்ல ரெண்டு வார்த்த பேசாதவடா அவ!

— அப்பறம்?

— மலை எறங்கி முடிச்சப்பறம்தான் எனக்கு உறைச்சுது. அவ பேசல. வண்டி ஓட்டினா. என் கையால.

— தங்கச்சிய நெனச்சா எனக்கு... ஐயோ மச்சான், எப்படிப்பட்ட பொம்பள!

— அன்னைக்கு ஒரு வார்த்த, ‘உங்களுக்குக் கண்ணு தெரியலயா’ன்னு கேக்கல. இன்னைக்கு வரைக்கும் கேக்கல. கேட்டா நான் ஒடைஞ்சு போயிருப்பேன். அது அவளுக்குத் தெரியும்.

— அப்ப நீயே சொல்லிட வேண்டியதுதான? ‘காவேரி, நீ ஓட்டு’ன்னு?

— எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது? எட்டு வருசத்துக்கு முன்னாடி, அரூர்ச் சந்தையில, ஒரு தடவ ஆசையாக் கேட்டா. ‘ஏங்க, நானும் இதைப் புடிச்சுப் பாக்கட்டுமா’ன்னு. நாலு பேரு நின்னுக்கிட்டிருந்தாங்க. அவங்க முன்னாடி பெரிய ஆம்பளயாட்டம் சொன்னேன்... ‘அகப்பை புடிக்கற கைக்கு ஸ்டேரிங் கேக்குதா’ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா.

— ...நானும் அங்க இருந்தேன் மச்சான். நானும் சிரிச்சேன்.

— அன்னையிலருந்து பாரு... வண்டி பூராத் தொடைப்பா. மூக்கு, லாந்தரு, சக்கரத்துல ஒவ்வொரு ஆரக்காலு. ஸ்டேரிங்க மட்டும் தொட மாட்டா. எட்டு வருசம்! ஒரு விரல் பட்டதில்ல. அதைத் தொடைக்கறது மட்டும் என் வேல. அதனாலதான் வாயால கேக்க முடியல. வண்டிய அவ அளவுக்குப் பண்ணிக் கொண்டு போய் வாசல்ல நிறுத்தலாம்னு பாத்தேன். ஏறி உக்காந்தா அவளுக்கே புரிஞ்சுடும். கால் எட்டும். கண்ணாடி மட்டத்துல தலை நிக்கும். ஆரன் அமுங்கும். நான் மன்னிப்புக் கேட்ட மாதிரியும் இருக்கும், கேக்காத மாதிரியும் இருக்கும்.

— லைசென்சு?

— சேலத்துல விசாரிச்சுட்டேன். பொம்பளைக்குக் குடுக்கக் கூடாதுன்னு சட்டத்துல இல்லயாம். ஓட்டிக் காட்டினா குடுத்துடுவாங்களாம்.

— அப்ப நீ?

— கிளீனரு.

— யாரு? தீர்த்தகிரி கிளீனரா?

— ஏன், முன்னாடி நின்னு கைப்பிடியச் சுத்தி வண்டிய எழுப்பறதுக்குக் கண்ணா வேணும்? கையி போதும். அது அவளால முடியாது, என்னால முடியும். அவ ஓட்டட்டும், நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். இத்தன வருசம் அவ உக்காந்தா இல்ல?

— ஊரு பேசும் மச்சான்.

— பேசட்டும். வண்டி நின்னு போனா பேசறதுக்கு ஊருக்கு ஒண்ணுமே இருக்காது. அது அதவிட மோசம்.

— நீ பெரிய ஆளு மச்சான்.

— பெரிய ஆளு இல்லடா. பயந்த ஆளு. அந்தக் கீறல் இருக்குது பாரு... அதான் என்ன ஒடைச்சுது. அது எப்ப வுழுந்துச்சுன்னே எனக்குத் தெரியல. ஆனி கடைசியில ஒரு நா வண்டியக் கழுவறப்ப கையில தட்டுச்சு. நான் எங்கயோ இடிச்சிருக்கேன். எதை இடிச்சேன்? யாரை இடிச்சேன்? கடத்தூர்லருந்து பொம்மிடி வரைக்கும் மூணு நாளு நடந்தே போனேன். ஒவ்வொரு ஊர்லயும் கேட்டேன், ‘யாருக்காச்சும் அடிபட்டுச்சா, மாடு கன்னு ஏதாச்சும் வுழுந்துச்சா’ன்னு.

— நடந்தா? மூணு நாளா?

— ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. ஆனா மனசு கேக்குதா? படுத்தா ஏதோ கொழந்த குறுக்க வர்ற மாதிரியே... நீ கொம்புன்னு சொன்னப்ப ஒரு நிமிசம் உசிரு வந்துச்சு. ஆனா உனக்கே நிச்சயமில்லேன்னு உன் கொரல்லயே தெரியுது.

— ஐயோ... ஐயோ மச்சான். இதுக்கு மேல என்னால முடியாது. அவகிட்டப் பண்ணுன சத்தியமும் இன்னியோட தீந்துச்சு.

— யாருகிட்ட? என்னா சத்தியம்?

— அந்தக் கீறல் உன்னுது இல்ல.

— என்னாது?

— நீ யாரையும் இடிக்கல. மாட்டையும் இல்ல, கொழந்தையும் இல்ல. ஏரிக்கரையில ஒரு வேப்ப மரம் இருக்குது பாரு, மொதக் கிளை தாழ்வா... அதுல உரசுச்சு. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். ‘ஸ்டேரிங்க ஒடி, ஒடி’ன்னு கத்தினேன். ஒடிச்சா, ஆனா கொஞ்சம் லேட்டு.

— யாரு ஒடிச்சா?

— யாரு? ஸ்டேரிங்ல மஞ்சள் வெச்சவதான்!

— ...காவேரியா?

— நீ டயர் வாங்கப் போன நாலு நாளும், வண்டி உன் கொட்டாயில இல்ல மச்சான். காஞ்ச ஏரியில ஓடிக்கிட்டிருந்துச்சு. நீ ரயிலேறின உடனே வந்துடுவா. ‘அண்ணா, அவரு டயர் வாங்கப் போவல. எதுக்குப் போறாருன்னு எனக்குத் தெரியும். சொல்லிக் குடு’ன்னு. முதுகுக்கு ரெண்டு தலகாணி, பெடல்ல கயித்தப் போட்டுக் கட்டின வெறகுக் கட்டை. மொத நாளு ஸ்டேரிங்கை ஒத்த விரலால தொட்டுத் தொட்டுப் பாத்தா. நாலாவது நாளு... மச்சான், நீ பாத்திருக்கணும்! ஏரியில எட்டுப் போட்டா. கியரு மாத்தறது ஒரு சத்தமில்ல. உன்னவிட மெதுவு. அந்த வண்டி அப்படி ஒரு கைக்குத்தான் இத்தன வருசமாக் காத்துக்கிட்டிருந்த மாதிரி போச்சு.

— அவளா... என் காவேரியா எட்டுப் போட்டா?

— போட்டுட்டு எறங்கி, அந்தக் கீறலைத் தடவிப் பாத்து அழுதா. ‘அவரு கண்டுபிடிச்சா என்னா சொல்றது’ன்னு. நான்தான் கொம்புன்னு சொல்லிக்கலாம்னு சொன்னேன். நீ இப்படி ஊர் ஊரா நடப்பேன்னு ரெண்டு பேரும் நெனைக்கல மச்சான். அது எங்க தப்பு.

— தப்பா? அட போடா... நெஞ்சு மேலருந்து ஒரு பாறாங்கல்லை எடுத்த மாதிரி இருக்குது. இரு, இரு. ஏன் எங்கிட்டச் சொல்லல?

— ‘அவரே கேக்கணும் அண்ணா. அவரு கேக்காம நான் போய் உக்காந்தா, புடுங்கிக்கிட்ட மாதிரி ஆயிடும். அவரு ஒரு நாளைக்கு வருவாரு, அவரு வாயால எம் பேரைச் சொல்ற வரைக்கும் நீ வாயத் தொறக்காத’ன்னா. இன்னிக்குத்தான் நீ சொன்ன.

— அதுக்குத்தான் ‘உன் வாயால சொல்லு’ன்னு புடிச்சியா?

— பின்ன? செல்லன், செல்லன்னு கதை வுட்டுக்கிட்டிருந்த! சிரிப்ப அடக்க நான் பட்ட பாடு... சரி, கட்டை இழைக்கணும். வெறகுக் கட்டைய வெச்சு ஆவணி வரைக்கும் ஓட்ட முடியாது. அளவு கொண்டு வந்தியா?

— கொண்டு வந்தேன். இந்தா, நூலு. பூ கட்டற நூல்தான். மொத முடிச்சு முட்டி, ரெண்டாவது முடிச்சு குதிகாலு. நேத்து மத்தியானம், மூக்கத் தேச்ச களைப்புல நல்லாத் தூங்கிக்கிட்டிருந்தா. மூச்சக்கூட வுடாம பக்கத்துல உக்காந்து அளந்தேன். அவளுக்குத் தெரியவே தெரியாது. இது ஒண்ணுலயாச்சும் நான் அவளுக்கு முந்திக்கிட்டேன்டா!

— முந்திக்கிட்டியா? மச்சான், அவகிட்ட நான் முன்னாடியே அளவு கேட்டேன், குடுக்கல. ‘அவரு கொண்டு வருவாரு, காத்திரு’ன்னா. நேத்து சாயங்காலம் வந்து இந்த வாசல்ல நின்னா. மொகமெல்லாம் சிரிப்பு. ‘அண்ணா, நாளைக்கு நூலு வரும். ஆனா குதிகால்ல அவரு கை பட்டப்ப கூச்சம் தாங்காம காலை மடக்கிட்டேன், ரெண்டு விரக்கடை கொறையும். அவருக்குத் தெரியாம நீ சேத்துக்கோ’ன்னுட்டுப் போறா.